நாக்குக் கட்டி நரம்பில் பிறந்தது என்றால் பயப்பட வேண்டுமா?

நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. பெயரும் அடையாளமும் வேண்டாம் என்று எழுதியவரே கேட்டிருக்கிறார். வயது 41, பள்ளி ஆசிரியை. நாக்கின் வலது ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கட்டி 14 மாதங்களாக இருந்திருக்கிறது. வலி இல்லை. பல் துலக்கும்போது பிரஷ் இடித்தால்தான் அது இருப்பதே நினைவுக்கு வருமாம். பல் டாக்டர் மேலாக ஒரு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவாக இருக்கலாம்’, அதாவது மேற்படலத்தில் பிறக்கும் வாய்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள்.

நாத்தனார் விடவில்லை. ‘இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் கத்தி வைக்கக் கூடாது அண்ணி’ என்று கையைப் பிடித்து வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே கட்டியை மட்டும் முழுதாக எடுத்துத் திரும்பப் பரிசோதித்தார்கள். கட்டியின் அளவு 1.2 செ.மீ. முடிவு: கிரானுலர் செல் ட்யூமர். எஸ்-100, சாக்ஸ்-10, சிடி68 மூன்றும் பாசிட்டிவ், செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 இரண்டு சதவீதத்துக்கும் கீழே, செல் அழிவு இல்லை. கடைசி வரியில் மட்டும், ‘அடி ஓரத்தில் கட்டியின் செல்கள் தொடுகின்றன’ என்று இருக்கிறது, அதாவது வெட்டிய இடத்தில் கொஞ்சம் மீதி இருக்கலாம்.

“புற்றுநோய் இல்லை என்றதும் அழுதுவிட்டேன் டாக்டர் அம்மா. ஆனால் நரம்பிலிருந்து வந்த கட்டி என்று படித்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. நரம்பெல்லாம் மூளைக்குத்தானே போகிறது?” என்று கேட்கிறார். இன்னும் சில கேள்விகள்: ஒரு கட்டிக்கு இரண்டு ரிப்போர்ட் எப்படி வரும், யாரை நம்புவது? பழைய புத்தகம் ஒன்றில் இதே கட்டியைத் தசைக் கட்டி என்று போட்டிருக்கிறதே, எது சரி? சாப்பிடும்போது அடிக்கடி நாக்கைக் கடித்துக்கொண்டதால் வந்ததா? மீதி இருப்பதை எடுக்க மறுபடி ஆபரேஷன் தேவையா? ஒன்பது வயது மகளுக்குக் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு கொப்புளம் வந்து வந்து போகிறது, அதுவும் இதுதானா? கடைசியாக, நாக்கின் வலது பக்கம் இன்னும் மரத்துப் போனது போல இருக்கிறது, இதோடு வகுப்பெடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாத்தனாருக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் வாய் நோய்க்குறியியல் படித்தவள், அதாவது பேத்தாலஜிஸ்ட். கத்தி பிடிப்பதில்லை, கண்ணாடித் துண்டில் ஒட்டிய திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்வதுதான் என் தொழில். அதனால் உங்கள் கேள்விகளில் பாதி நேராக என் மேஜைக்கு வரவேண்டியவை. நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் வரி வரியாகப் படித்தேன். ஸ்லைடை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரிப்போர்ட்டில் எழுதியிருப்பவை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றன. அவற்றின்படி உங்களுக்கு வந்தது சாதாரணக் கட்டி. நரம்புப் புற்றுநோய் அல்ல.

‘நரம்பு’ என்ற சொல்

உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் சொல் இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். நரம்பு செல்லின் உடல் நாக்கில் இல்லை. அது மூளைத்தண்டிலோ அதற்கு வெளியே உள்ள நரம்பு முடிச்சிலோ இருக்கிறது. அங்கிருந்து நீளும் மெல்லிய இழைகள்தான் நாக்குக்கு வருகின்றன. அந்த இழைகளை வழி நெடுகச் சுற்றிப் போர்த்திக் காப்பவை வேறு செல்கள். 1839இல் அவற்றை விவரித்த தியோடர் ஷ்வான் பெயரால் ஷ்வான் செல்கள் என்கிறோம். மின்கம்பிக்குள் ஓடும் செம்பை நரம்பிழை என்று வைத்துக்கொண்டால், மேலே உள்ள உறை ஷ்வான் செல். ஆனால் இது உயிருள்ள உறை. இழைக்கு ஊட்டம் தரும், இழை அறுந்தால் குப்பையை அகற்றித் திரும்ப வளர வழி அமைத்துக் கொடுக்கும்.

வளர்ந்தவர்களின் நரம்பு செல் பெருகுவதில்லை. ஷ்வான் செல் தேவைப்பட்டால் பெருகும். வாயில் வரும் ‘நரம்புக் கட்டி’களில் அநேகமாக எல்லாமே இந்த உறையைச் சேர்ந்த செல்களின் வேலைதான். உங்கள் கட்டியும் அப்படித்தான்: நாக்குத் தசைக்குள் முடியிழை போலக் கிளைபிரிந்து ஓடும் ஏதோ ஒரு சின்ன நரம்பின் உறையில் தொடங்கியிருக்கும். தொடங்கிய இடத்திலேயே மெதுவாகப் பெருகும். இழையைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிப் போவது இதன் குணமில்லை. மூளைக்குள் உறை போடும் வேலையை ஷ்வான் செல் செய்வதும் இல்லை, அங்கே அதற்கு வேறு வகைச் செல் இருக்கிறது.

வாய்ப் புற்றுநோய் சில நேரம் நரம்பை ஒட்டிப் பரவும் என்று நீங்கள் படித்திருக்கலாம். அது உண்மை. ஆனால் அது தோலையும் வாயின் மேற்படலத்தையும் சேர்ந்த செல்களில் பிறந்த புற்று, பரவுவதற்கு நரம்பை வழியாகப் பயன்படுத்துவது. உங்கள் கட்டியின் விளிம்பிலும் சின்ன நரம்புகளைச் சுற்றிச் செல்கள் தெரிகின்றன என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பயந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கிரானுலர் செல் ட்யூமரில் நரம்பைச் சுற்றிச் செல்கள் தெரிவது, அது எங்கே பிறந்தது என்பதற்கான தடயம். பரவுகிறது என்பதற்கான அடையாளமாக நாங்கள் அதை எடுத்துக்கொள்வதில்லை.

தசையா, நரம்பா

நீங்கள் படித்த பழைய புத்தகம் பொய் சொல்லவில்லை. அது எழுதப்பட்டபோது அப்படித்தான் நம்பினார்கள். மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சி அப்ரிகோசொவ் 1926இல் இந்தக் கட்டியை விரிவாக விவரித்தார். லெனின் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்தவர் அவர்தான். நாக்கு முழுக்கத் தசை. அந்தத் தசைநார்களுக்கு நடுவே, அவற்றோடு கலந்தாற்போல இந்தச் செல்கள் கிடக்கும். பார்த்தவர் இவை இளம் தசைச் செல்கள் என்று எண்ணி ‘மையோபிளாஸ்டோமா’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது.

1962இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள், இது தசை போல இல்லை, ஷ்வான் செல்லைப் போல இருக்கிறது, பெயரே தவறு என்று எழுதினார்கள். பிறகு புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் முறை வந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எஸ்-100 அப்படி ஒரு புரதம். அமோனியம் சல்ஃபேட்டின் 100 சதவீதம் செறிந்த கரைசலிலும் கரைந்தே இருப்பதால் அந்தப் பெயர். அது ஷ்வான் செல்லில் இருக்கும். தசையில் தேடப்படும் புரதங்களோ இந்தக் கட்டியில் இருக்காது.

எஸ்-100 மட்டும் போதுமா என்றால், போதாது. தோலுக்கு நிறம் தரும் செல்லிலும், கொழுப்புச் செல்லிலும், குருத்தெலும்பிலும்கூட அது இருக்கும். அதனால்தான் உங்கள் பேத்தாலஜிஸ்ட் சாக்ஸ்-10ஐயும் போட்டுப் பார்த்திருக்கிறார். கருவில் முதுகுப் பக்கமாக நரம்பு முகடு என்று ஒரு செல் கூட்டம் உருவாகி உடல் முழுக்கக் குடிபெயரும். ஷ்வான் செல், நிறமிச் செல், முக எலும்பில் ஒரு பங்கு எல்லாம் அதன் வாரிசுகள். சாக்ஸ்-10 அந்த வம்சத்தில் ஷ்வான் செல்லும் நிறமிச் செல்லும் விடாமல் வைத்திருக்கும் முத்திரை. இரண்டும் பாசிட்டிவ், செல்லின் தோற்றமும் பொருந்துகிறது என்னும்போதுதான் மனம் ஒப்பிக் கையெழுத்துப் போடுவோம்.

சிடி68 பாசிட்டிவ் என்பதைப் பார்த்து, ‘இது கிருமித் தொற்றால் வந்த வீக்கம்’ என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தவறு. குப்பையைத் தின்னும் வெள்ளணுக்களில் சிடி68 இருப்பது உண்மை. ஆனால் அது காட்டுவது செல்லின் இனத்தை அல்ல, செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற பைகளை. கழிவைச் செரிக்கும் பைகள் அவை. உங்கள் கட்டியின் செல்கள் ஒவ்வொன்றிலும் அந்தப் பைகள் பிதுங்க நிறைந்திருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெளிர் ரோஜா நிறச் செல்லுக்குள் மெல்லிய மணலை அள்ளித் தூவியது போலத் தெரியும். கிரானுலர் என்ற பெயரே அதனால்தான்.

அந்த மணல் ஏன் சேர்கிறது என்பதற்கு 2018இல் விடை கிடைத்தது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏடிபி6ஏபி1, ஏடிபி6ஏபி2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்று செயலிழந்திருக்கிறது. பைக்குள் அமிலம் ஏற்றும் பம்புக்குத் துணை செய்பவை அவை. அமிலம் ஏறாவிட்டால் கழிவு செரிக்காது. செரிக்காததெல்லாம் தங்கும். ஆய்வகத்தில் வளர்த்த ஷ்வான் செல்களில் அந்த மரபணுக்களை அடக்கிப் பார்த்தபோது அவற்றுக்குள்ளும் இதே மணல் சேர்ந்தது. 1926இல் கண்ணுக்குத் தெரிந்த ஒரு மணலின் காரணத்தைக் கண்டுபிடிக்க 92 வருடம் ஆகியிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தரும் விஷயம் இது.

உங்கள் இரண்டு சந்தேகங்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாக்கைக் கடித்ததால் வந்ததா? இல்லை. ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நடந்த மாற்றம் இது. கடிபட்டதால் இது வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டி துருத்திக்கொண்டு இருந்ததால்தான் அடிக்கடி கடிபட்டிருக்கும். பிள்ளைகளுக்குப் போகுமா? அந்த மாற்றம் கட்டியின் செல்லில் மட்டும் நடந்தது. நீங்கள் பெற்றுக்கொடுத்த மரபணுவில் அது இல்லை.

முதல் ரிப்போர்ட் ஏன் அப்படி வந்தது

யாரோ பொய் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இந்தக் கட்டி எங்கள் துறையில் எல்லோருக்கும் வைக்கும் பொறி இது. நான் பயிற்சியில் இருந்த இரண்டாம் வருடம் நாக்குத் துணுக்கு ஒன்று என் முறைக்கு வந்தது. மேற்படலத்திலிருந்து விரல் விரலாக, நாக்கு நாக்காகச் செல்கள் கீழே இறங்கியிருந்தன. நடுவில் கெரட்டின் என்ற தோல் புரதத்தின் உருண்டைகள்கூட இருந்தன. புற்று என்று எழுதிவிட்டு ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடை விரலால் ஒரு மில்லிமீட்டர் மேலே தள்ளினார். படலத்துக்குக் கீழே, துணுக்கு முடியும் விளிம்பில், ஏழெட்டு ரோஜா நிறச் செல்கள் இருந்தன. உள்ளே மணல். ‘மேலே ஆடுபவர்களைப் பார்த்தாய், கீழே மேளம் அடிப்பவர்களைப் பார்க்கவில்லை’ என்றார். அன்றைக்கு என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. நான் எழுதியது போயிருந்தால் ஒருவருடைய நாக்கில் பாதி போயிருக்கும்.

கிரானுலர் செல் ட்யூமர் சில நேரம் தனக்கு மேலே உள்ள படலத்தைத் தூண்டிவிடும். படலம் தடித்துக் கீழே வேர் விடும். பார்க்க அச்சு அசல் புற்று போலவே இருக்கும், ஆனால் புற்று அல்ல. மேலாக எடுத்த துணுக்கில் அந்தப் படலம் மட்டும் வந்தால், கீழே இருக்கும் உண்மையான கட்டி பேத்தாலஜிஸ்ட் கண்ணுக்கே போய்ச் சேராது. உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுவே. முதல் ரிப்போர்ட்டில் ‘இருக்கலாம்’ என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் இன்னும் ஆழமாக ஒரு துணுக்கு கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நேரே பெரிய ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததுதான் பிசகு. ஒரு கட்டி எந்தச் செல்லில் பிறந்தது என்பது ஆராய்ச்சிக்காரர்களின் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. கத்தி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதே அந்தப் பதிலைப் பொறுத்திருக்கிறது.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டிக்கு மேலேயே உண்மையான வாய்ப் புற்றும் சேர்ந்து வருவது மிக அபூர்வமாக உண்டு. இரண்டாவது ரிப்போர்ட்டில் மேற்படலத்தைப் பற்றி ‘எதிர்வினையாக வந்த தடிப்பு, செல் மாற்றம் இல்லை’ என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். முதல் துணுக்கின் ஸ்லைடையும் அவர்களே வாங்கிப் பார்த்தார்களா என்பது அதில் இல்லை. அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளின் உதடு

வந்து, வீங்கி, உடைந்து, மறுபடி வருகிறது என்கிறீர்கள். கீழுதட்டின் உள்பக்கம் குழந்தைகளுக்கு அப்படி வருவது பெரும்பாலும் சின்ன எச்சில் சுரப்பியின் குழாய் அறுந்து எச்சில் தேங்கிய கொப்புளம். நரம்போடு சம்பந்தமில்லாதது. நரம்பு உறையில் பிறக்கும் கட்டி உடைந்து வடிந்து மறையாது. இருந்தாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்வது சரியல்ல, பல் டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

குடும்பத்தில் ஓடும் நரம்புக் கட்டிகளே வாயில் இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன், உங்களுக்காக அல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. ஒன்று, நாக்கு நுனியிலும் உதடுகளிலும் மென்மையான சின்னச் சின்ன முடிச்சுகள் பலவாகச் சிறுவயதிலேயே தெரிவது. உதடு தடித்து, கை கால் ஒல்லியாக நீண்டு இருந்தால் மென் 2பி (MEN 2B) என்ற மரபு நோயாக இருக்கலாம். ரெட் என்ற மரபணுவின் மாற்றம் அது. அந்தக் குழந்தைக்குத் தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் மிக இளவயதிலேயே வரும். வாயில் உள்ள முடிச்சு ஆபத்தில்லை, அது அடிக்கும் மணி முக்கியம். அந்த மணியை ஒரு பல் டாக்டர் கேட்டுவிட்டால் ஓர் உயிர் பிழைக்கும். இரண்டாவது, நரம்பு உறையில் வரும் இன்னொரு வகைக் கட்டியான நியூரோஃபைப்ரோமா. ஒற்றையாக வந்தால் சாதாரணம். தோலில் காப்பி நிறத் திட்டுகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டிகளும் பலவாக இருந்தால் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை என்ற மரபு நோயா என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 3,000 பிறப்பில் ஒருவருக்கு இருக்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, யாருக்கும் இல்லாத குடும்பத்தில் புதிதாகவும் தோன்றும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இணையத்தில் தேடினால் உங்களைக் குழப்பும். பிறந்த குழந்தையின் ஈறில், பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு, ஒரு கட்டி வரும். மைக்ராஸ்கோப்பில் உங்கள் கட்டியைப் போலவே மணல் நிறைந்த செல்கள். ஆனால் எஸ்-100 போட்டால் நெகட்டிவ். அதாவது ஷ்வான் செல் இல்லை. பார்க்க ஒன்று, பிறப்பு வேறு. ‘பிறவியிலேயே இருந்திருக்குமோ’ என்று நீங்கள் எழுதிய சந்தேகம் அந்தப் படங்களைப் பார்த்ததால் வந்திருக்கும்.

மறுபடி ஆபரேஷன் தேவையா

இதுதான் நீங்கள் இப்போது முடிவெடுக்க வேண்டியது. இந்தக் கட்டிக்கு உறைப்பை கிடையாது. ஷ்வான் செல்லில் பிறக்கும் இன்னொரு கட்டியான ஷ்வானோமா என்றால் பை கட்டி, நரம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும், அப்படியே உரித்தெடுக்கலாம். கிரானுலர் செல் ட்யூமர் தசைநார்களின் இடுக்கில் கைவிட்டு வளரும். எனவே எவ்வளவு நல்ல சர்ஜன் எடுத்தாலும் வெட்டிய ஓரத்தில் செல் தொடுவது சகஜம். அப்படித் தொட்டவர்களில் எல்லோருக்கும் கட்டி திரும்ப வருவதில்லை. பலருக்கு வருவதே இல்லை. ஓரம் சுத்தமாக இருப்பவர்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். வந்தாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக அதே இடத்தில் வரும். அப்போது எடுத்தாலும் காலம் கடந்ததாகாது.

பயப்பட வேண்டிய வகையும் உண்டு. அது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. 1998இலிருந்து அதற்கு ஆறு அடையாளங்களை எண்ணிப் பார்க்கிறோம்: செல் அழிவு, செல்கள் கதிர் போல நீளுதல், உட்கரு பெருத்து அதற்குள் பெரிய புள்ளி தெரிதல், செல் பிரிதல் கூடுதல், செல்லோடு ஒப்பிட உட்கரு மிகப் பெரிதாதல், உட்கருக்கள் பல உருவமாதல். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்தான் புற்று என்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் ஒன்றுகூட இல்லை. கட்டியும் சின்னது, வளர்ச்சியும் மந்தம்.

ஆகவே என் அபிப்பிராயம்: இப்போது கண்காணியுங்கள். உங்கள் வேலையே பேசுவது. நாக்கின் பக்கத் தசையை இன்னும் ஆழமாகத் தோண்டினால் தழும்பும், உச்சரிப்பில் சிறு இடறலும், மரமரப்பும் நிரந்தரமாகலாம். வராமலே போகக்கூடிய ஒன்றுக்காக அந்த விலை கொடுக்க வேண்டுமா? முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை, டாக்டர் கையுறை போட்டு நாக்கைத் தொட்டு அழுத்திப் பார்க்கட்டும். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, படலத்துக்குக் கீழே வளர்வது விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டு சந்தர்ப்பத்தில் என் பதில் மாறும். சர்ஜனே ‘அடியில் கொஞ்சம் கட்டியை விட்டு வைத்தேன்’ என்று சொன்னால், அல்லது புண் ஆறிய பிறகும் அங்கே திட்டமான கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து அளவாக மறுபடி எடுப்பது நியாயம். கண்காணிப்பு என்ற நினைப்பே உங்களை நிம்மதியாக இருக்கவிடாது என்றாலும் சர்ஜனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனநிம்மதியும் ஒரு காரணம்தான். ஆனால் எப்படிப் பார்த்தாலும் கழுத்து முடிச்சுகளை எடுப்பதற்கோ கதிரியக்கத்துக்கோ இதில் இடமே இல்லை. யாராவது சொன்னால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தக் கட்டி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரும். தோல், மார்பகம், உணவுக்குழாய் எங்கே வேண்டுமானாலும். அதற்காக உடல் முழுக்க ஸ்கேன் எடுக்காதீர்கள். புதிதாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டாலோ, விழுங்கும்போது தொடர்ந்து சிக்கினாலோ, ‘எனக்கு முன்பு கிரானுலர் செல் ட்யூமர் இருந்தது’ என்று சொல்லிக் காட்டுங்கள். குறிப்பாக மார்பகத்தில் இது புற்று போலவே தோற்றம் தரும். அந்த ஒரு வாக்கியம் இன்னொரு அவசர ஆபரேஷனைத் தடுத்துவிடலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

இரண்டு ரிப்போர்ட்டின் நகலும், ஆபரேஷன் குறிப்பின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். திசுவை மெழுகில் பதித்து வைத்த சின்னக் கட்டையை லேபில் பிளாக் என்பார்கள். அதிலிருந்து சீவி எடுப்பதுதான் ஸ்லைடு. இன்னொருவர் அபிப்பிராயம் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் பிளாக்கையோ புதிதாகச் சீவிய ஸ்லைடையோ கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். என் ஸ்லைடை இன்னொருவர் பார்க்கப் போகிறார் என்றால் நான் கோபப்பட மாட்டேன், பொறுப்புள்ள எவரும் கோபப்பட மாட்டார்கள். பிளாக்கை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மரத்துப்போன நாக்கு

ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. கட்டி ஒரு சின்ன நரம்பில் பிறந்தது, அதை எடுக்கும்போது அந்தக் கிளையும் பக்கத்துக் கிளைகளும் அறுபட்டிருக்கும். அவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத்தான் திரும்ப வளரும். வழி போட்டுக் கொடுப்பது உங்களிடம் மீதமுள்ள நல்ல ஷ்வான் செல்கள். எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல இடையிடையே தோன்றினால் அது நல்ல சகுனம். மாதங்கள் ஆகலாம், ஒரு சின்ன இடம் மரத்தே நின்றுவிடவும் கூடும்.

அதற்கு மாறாக, தழும்பில் ஒரு புள்ளியைத் தொட்டால் மட்டும் ஷாக் அடித்தது போல வலி பாய்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அறுந்த இழைகள் வழி தெரியாமல் ஓரிடத்திலேயே சுருண்டு முடிச்சாவது உண்டு. அது பழைய கட்டி திரும்பியதல்ல, காயத்துக்கு நரம்பு காட்டும் எதிர்வினை. உணர்ச்சி திரும்பும்வரை அந்தப் பக்கத்தில் சூடாக எதையும் வைக்காதீர்கள், மரத்த இடம் சுட்டாலும் தெரியாது.

வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள். ‘ல, ள, ழ’ மூன்றும் முதலில் கொஞ்சம் வழுக்கும். வீட்டில் தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன்னால் சத்தமாகப் படித்துப் பாருங்கள், நாக்கு இடது பக்கத்தைக் கொண்டு ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். மூன்று மாதம் கழித்தும் வழுக்கினால் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைப் பாருங்கள். முதல் ஆறு மாதப் பரிசோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.